கருங்கழியில் யாரும் சிரிக்கவில்லை

கடலுக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே உப்பைத் தவிர வேறெதுவும் விளையாத கருங்கழி என்ற ஊரில், வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிற சனங்கள் ஒரே ஒரு நாள் வாயைத் திறப்பதற்கென்றே ஒரு சாமி இருந்தாள். அவளுக்கு வாய்க்காரியம்மன் என்று பெயர். மழைக்கு முன்னால் உப்பளத்தை மூடுகிற புரட்டாசிக் கடைசியில் அவளுக்குக் கொடைத் திருவிழா நடக்கும். கொடையின் கடைசி நாள் பிற்பகலில் கோவில் திடலில் உப்பை அம்பாரமாகக் கொட்டி, அதன்மேல் ஓர் ஆளை ஏற்றி நிறுத்தி, யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஏசச் சொல்லுவார்கள். அளத்து முதலாளியை ஏசலாம், போலீஸை ஏசலாம், பூசாரியை அவர் பெண்டாட்டி முன்னாலேயே ஏசலாம், கடைசியாக அம்மனையும் ஏசியாக வேண்டும், இல்லாவிட்டால் தன்னை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்துவிடும். ஏச்சு வாங்கியவர் தன் கையாலேயே ஒரு செம்பு பானகம் கொண்டுவந்து, ஏசியவரின் தொண்டை நனையக் கொடுக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தாலும் சரி, கொடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. உப்பின்மேல் நின்று சொன்ன சொல்லுக்கு யாராவது ஒருவர் சிரித்துவிட்டாலும் அது ஊரின் சொல், அதற்கப்புறம் சொன்னவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஒருவர்கூடச் சிரிக்காவிட்டால் அது சொன்னவரின் சொந்தச் சொல், அதற்கான தண்டனையையும் அவரே சுமக்க வேண்டும். ஒருவரும் சிரிக்காத கொடையை அதுவரை யாரும் கண்டதில்லை என்பதால், அந்தத் தண்டனை என்ன என்பதும் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

சில வருஷமாகவே உப்பின்மேல் ஏறுகிறவள் சுயம்புக்கனி. அளத்தில் உப்பு வாருகிறவள், லோடுமேன் கொம்பையாவின் மனைவி, சின்ன உருவம், பெரிய தொண்டை. அந்த வருஷம் அளத்து முதலாளி இலங்காமணி அண்ணாச்சி அம்மனுக்கு வெள்ளிக் கவசம் செய்து போட்டிருந்தார், அடியில் தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் பொறித்து. சுயம்புக்கனி எல்லோரையும் ஏசி முடித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மன் பக்கம் திரும்பினாள்.

“ஏ ஆத்தா, அண்ணாச்சி உனக்கு வெள்ளிக் கவசம் போட்டிருக்காவ, நல்லா இருக்கு. ஆனா முகத்தப் பாருங்க எல்லாரும், என்னா உக்கிரம்! அருள் வந்துருக்குன்னு விழுந்து விழுந்து கும்புடுதீய. அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவளும் அண்ணாச்சி அளத்துலதான இருக்கா? விடியக்காலம் வந்தவ, இன்னும் ஒதுங்க ஒரு எடம் கெடைக்கல. அடக்கிட்டு உக்காந்திருக்கா! இதுல கவசத்த வேற மாட்டி விட்டுட்டாவ, கழட்டி முடிக்கதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்!”

கருங்கழி அளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டைத் தரை, ஒரு செடி கிடையாது, ஒரு மறைப்பு கிடையாது. பெண்கள் விடியற்காலையில் வந்தால் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமலேயே வேலை பார்ப்பார்கள், அடிவயிற்று வலியோடு படுப்பார்கள், அதைப் பற்றி ஒருவரிடமும் பேசமாட்டார்கள். அந்த வலி சாமிக்கும் இருக்கிறது என்று கேட்டதும் முதலில் சிரித்தது அவர்கள்தான். அந்தச் சிரிப்பு பெண்களிடமிருந்து ஆண்களுக்குத் தாவி, பூசாரிக்குத் தாவி, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இலங்காமணி அண்ணாச்சிக்கும் தாவியது. அவர் சிரித்தால் விக்கல் எடுப்பதுபோல இருக்கும். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கொம்பையா சிரித்தான், எதுவும் அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். பிறகு அண்ணாச்சி எழுந்துவந்து பானகம் கொடுத்தார், சுயம்புக்கனி குடித்தாள், கொடை முடிந்தது.

யாரோ அதைப் போனில் பிடித்து, சிரிப்பு தொடங்குமுன் வெட்டி, அனுப்பிவிட்டார்கள். அது கருங்கழி எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊர்களுக்கெல்லாம் போனது, போன இடத்திலெல்லாம் மனங்கள் புண்பட்டன. வேன்களில் கொடி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள், எங்கள் அம்மனை அவமதித்தவள் எங்கே என்று கத்தினார்கள், கோவில் வாசலில் நின்றுகொண்டே கோவிலுக்கு எந்த வழி என்று கேட்டார்கள். அவர்கள் அண்ணாச்சி வீட்டில் காப்பி குடித்தார்கள். உங்கள் கவசத்தையே கேலி பேசியிருக்கிறாள், நீங்களே சும்மா இருந்தால் எப்படி என்றார்கள். தன் அப்பா பெயர் ஊர் ஊராகச் சிரிப்பாய்ச் சிரிக்கிறது என்பது அப்போதுதான் அண்ணாச்சிக்கு உறைத்தது. புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போலீஸ் வந்து சுயம்புக்கனியை அழைத்துப் போய் விசாரித்து, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. அதன்பின் ஊரில் யாரைக் கேட்டாலும், அன்றைக்கு நான் சிரிக்கவே இல்லை என்றார்கள்.

எல்லோரும் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் மூன்றரை மணி பஸ் வந்து திரும்பிப் போனதும், ஆளில்லாத கோவில் திடலில் சிரிப்பு எழுந்தது.

அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. முதலில் பெண்கள், பிறகு ஆண்கள், பூசாரி, அண்ணாச்சியின் விக்கல், எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியில் தனியாகக் கொம்பையா. டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், திடலில் ஒரு நாய்தான் படுத்திருந்தது, அதுவும் தலையைத் தூக்கவில்லை. கல்யாண மண்டப வாசலில் குவிந்து கிடக்கிற செருப்புகளில் தன்னுடையது மட்டும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி, அவரவர் காதில் அவரவர் சிரிப்புதான் முதலில் விழுந்தது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அது வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது, அதன்பிறகு வராத நாளே இல்லை.

“உள்ளான் குருவி. சீசன் ஆரம்பிச்சிருச்சுல்லா” என்று முதலில் சொன்னவர் பூசாரி. ஊர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. அளத்துத் தண்ணீரில் உள்ளான் வரும், நாரை வரும், ஆள்காட்டிக் குருவியும் வரும், ஆனால் அந்தக் கடைசிப் பெயரை மட்டும் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை, அவ்வளவு விவரம் ஊருக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர், பிள்ளைகளே இது உள்ளான் என்று சொல்லிக் கொடுத்தாள். எங்க அம்மா சிரிக்கா டீச்சர் என்று சந்தோஷமாகக் கத்திய ஒரு பெண் பிள்ளைக்கு அடி விழுந்தது, வீட்டுக்குப் போய் இன்னொன்றும் விழுந்தது. பூசாரி சாயரட்சையை முன்னால் நகர்த்தி, கரண்டில் ஓடுகிற மேளம் ஒன்று வாங்கி, மூன்றரை பஸ் வந்ததும் சுவிட்சைப் போட்டார். மேளம் ஓய்கிறவரை சிரிப்பு பொறுத்திருந்துவிட்டு, ஓய்ந்த பிறகு ஆரம்பித்தது.

வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடல் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. கல்யாணப் பெண்ணின் சிரிப்பு அதில் மணி மணியாகத் தனியே தெரிந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா, குருவி என்றாள். “குருவி நல்லாத்தான் சிரிக்கி. பொண்ணு எப்படி?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அதன்பின் ஊரில் யாரும் சத்தமாகச் சிரிப்பதையே விட்டுவிட்டார்கள், சிரித்தால் திடலில் கேட்பதோடு ஒத்துப்போய்விடுமே. டீவியில் காமெடி வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு வாய் அசைவதைப் பார்த்தார்கள். டீக்கடை வாசலில் ஒருவன் சேற்றில் வழுக்கி, மல்லாக்க விழுந்து, வேட்டி அவிழ எழுந்து நின்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. தான் ஏதோ செத்துப்போய்விட்டதுபோல அவனுக்குப் பயமாகிவிட்டது.

வடிவு என்கிற பெண்ணுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு வேறு மாதிரியாக ஆனது. அவள் புருஷன் ஐயாக்குட்டி கொடை முடிந்து சில நாளில் நெஞ்சுவலியில் போய்விட்டான். திடலில் எழுகிற சிரிப்பில் அவனும் இருந்தான், இருமலில் முடிகிற பீடிக்காரன் சிரிப்பு. வடிவு தினமும் ஒரு சுளகு மிளகாய் வற்றலை எடுத்துக்கொண்டு மூன்றரை பஸ்ஸுக்கு முன்னால் திடலுக்கு வந்து உட்காருவாள். வெயில் நல்லா அடிக்கு, காயப்போட வந்தேன் என்பாள். மழை தூறுகிற நாளிலும் அப்படித்தான் சொன்னாள். சிரிப்பு வந்து அந்த இருமலில் முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வாள், மிளகாய் நெடி என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். அவருக்கு மேலே எத்தனையோ பேர், கீழே எத்தனையோ கோப்பு. ஊர் வழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்: ஒரே ஒருவர், யாராவது ஒருவர், ஆமாம் நான் சிரித்தேன், இது எங்கள் வழக்கம் என்று என் முன்னால் சொல்லட்டும், திருவிழாச் சடங்கு என்று எழுதி முடித்துவிடுகிறேன். யாரும் சிரிக்கவில்லை என்றால் வேண்டுமென்றே செய்த அவமதிப்பு ஆகிவிடும், நான் அந்த அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

அதைக் கேட்ட அன்று சுயம்புக்கனி புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, இன்னைக்கும் கேட்டுச்சா?”

“எது?”

“உங்க சிரிப்பு.”

கொம்பையா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது குருவி, கனி.”

“அப்ப நான் குருவிக்கா சோறு வடிச்சுப் போடுதேன்?”

அவன் சோற்றைப் பிசைந்தான். “நான் சிரிச்சேன்னு சொன்னா நாளைக்கு லாரியில ஏறவிட மாட்டாவ. உன்ன அளம் தொறந்தாலும் வரக் கூடாதுன்னுட்டாவ. ரெண்டு பேரும் எங்க போவோம்?” என்றான்.

“ஒரு ஆள் சொன்னாப் போதும்ங்க. என்ன விட்டுருவாவ.”

“ஊர்ல இத்தனை பேர் இருக்காவ. நாந்தானா சொல்லணும்?”

ஊரில் இருந்த இத்தனை பேரும் அவரவர் வீட்டில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுயம்புக்கனிக்கு ஜெயிலைப் பற்றிப் பயம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய வலி, கட்டிய புருஷன் சிரிப்பைத் தினமும் திடலில் கேட்டுவிட்டு, வீட்டில் அவன் மூடிய வாயைப் பார்ப்பது. அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

விசாரணை சமுதாயக் கூடத்தில் ஒரு காலையில் நடந்தது. அதிகாரி ஒருவர் ஒருவராக அழைத்தார். பூசாரி, நான் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். டீக்கடைக்காரர், எனக்குப் பல் வலி என்றார். டீச்சர், நான் லீவில் இருந்தேன் என்றாள். உப்பு வாருகிற பெண்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து, சுயம்புக்கனி இருந்த பக்கம் பார்க்காமல், சிரிக்கல சார், சிரிக்கல சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வடிவு முறை வந்ததும் அவள், “எங்க வீட்டுக்காரர் சிரிச்சாவ சார்” என்றாள். கூடம் அசைந்தது. அவரைக் கூப்பிடுங்கள் என்றார் அதிகாரி. அவர் செத்துப்போனார் என்றார்கள். இறந்தவர் சாட்சி சொல்ல முடியாதும்மா, நீங்கள் சிரித்தீர்களா என்றார். வடிவின் மகன் அண்ணாச்சியிடம்தான் மேஸ்திரி, முன்வரிசையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். வடிவு அவனைப் பார்த்தாள். “நான் சிரிக்கல சார்” என்றாள்.

கடைசியாகக் கொம்பையா வந்தான். நெடுநேரம் மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றவன், “நான் சிரிச்சேன் சார்” என்றான்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருக்கே முகம் தெளிந்தது. ஆனால் பின்வரிசையில் வேன்களில் வந்தவர்கள் எழுந்தார்கள். பெண்டாட்டியைக் காப்பாற்றப் புருஷன் பொய் சொல்கிறான், எங்கே, இங்கே சிரித்துக் காட்டட்டும், பார்ப்போம் என்றார்கள். அதிகாரி பெருமூச்சு விட்டு, “கொஞ்சம் சிரிச்சுக் காட்டுங்க” என்றார். கொம்பையா வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான், கண் கலங்கியது, தொண்டை ஏறி இறங்கியது, சிரிப்பு வரவில்லை.

“சார், சும்மா சிரின்னா எப்படி வரும்?” என்றாள் சுயம்புக்கனி. “நான் சொன்னாத்தான் வரும்.”

“இங்க சொன்னா இன்னொரு தடவை சொன்ன குத்தம் ஆகும்மா.”

“ஆகட்டும் சார்.”

அவள் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சொன்னாள். ஒரு சொல் குறைக்கவில்லை. அருளும் இல்ல ஒண்ணும் இல்ல என்கிற இடத்தில் அன்று நிறுத்தியதுபோலவே நிறுத்தினாள், அடக்கிட்டு உக்காந்திருக்கா என்கிற இடத்தில் அன்று இழுத்ததுபோலவே இழுத்தாள். சொல்லி முடித்ததும் பெண்கள் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அதிகாரி கொம்பையாவைப் பார்த்தார்.

“அவருக்குக் கொஞ்சம் நேரமாகும் சார்” என்றாள் சுயம்புக்கனி. “பொறுங்க.”

எல்லோரும் பொறுத்தார்கள். அவள் புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் உதடு நடுங்கியது, முகம் கோணியது, இதோ வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றிய நேரத்தில் அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. விக்கல் மாதிரி ஒன்று, அடக்கப் பார்த்து அடங்காமல் இன்னொன்று, பிறகு மளமளவென்று. இலங்காமணி அண்ணாச்சி நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வேர்த்து, முகம் சிவந்து, தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். அதிகாரி காதில் விழுந்தது, வேனில் வந்தவர்கள் காதில் விழுந்தது, கூடம் முழுக்கக் கேட்டது. அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, யார் சிரித்தது என்றார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பூசாரி எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார்.

“உள்ளான், சார்” என்றார். “உள்ளுக்குள்ளயே வந்துருது.”

அதிகாரி சாத்திய சன்னலைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், தனக்கு மேலே இருக்கிறவர்களை நினைத்துக்கொண்டார் போல. யாரும் சிரிக்கவில்லை என்று எழுதினார். சுயம்புக்கனி அழுகிற புருஷனின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டு, “வீட்டுல பழைய சோறு இருக்கு, வீணாக்கிராதீங்க” என்றாள். மத்தியானம் தாண்டி ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

அன்றைக்கும் மூன்றரை பஸ் வந்தது, திரும்பிப் போனது. பூசாரி மேளத்தைப் போட்டு நிறுத்தினார். வடிவு சுளகோடு உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் வழக்கம்போலக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் தாமதம் என்று நினைத்தார்கள். அளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, ஓர் உள்ளான் உண்மையாகவே கத்திக்கொண்டு தாழப் பறந்து போனது, அதற்கும் சிரிப்புக்கும் கொஞ்சமும் ஒற்றுமை இல்லை என்பது எல்லோருக்கும் கேட்டது. வெயில் சாய்ந்தது. வடிவு எழுந்து நின்று திடலைச் சுற்றிப் பார்த்தாள், எங்கேயோ வைத்துவிட்டு மறந்த பொருளைத் தேடுகிறவள் மாதிரி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள், பிறகு மிளகாய் சிதறச் சுளகைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. “சிரிச்சீரே, என் ராசா, நீரு சிரிச்சீரே” என்று தொடங்கியது அந்த ஒப்பாரி. “ஒம்மோட பூசாரி சிரிச்சாரே, பொய்யாச் சன்னல சாத்துனாரே, டீக்கடைக்காரர் சிரிச்சாரே, டீச்சர் சிரிச்சாளே, அண்ணாச்சி விக்கி விக்கிச் சிரிச்சாரே, கொம்பையா கடைசியாச் சிரிச்சாரே, உப்பள்ளுத பொம்பளைக ஒருத்தி பாக்கியில்லாமச் சிரிச்சாளுவளே, பாவி நானும் சிரிச்சேனே, வயிறு வலிக்கச் சிரிச்சேனே” என்று பெயர் பெயராகச் சொல்லி, ஊர் முழுவதையும் சொல்லி முடிக்கிறவரை அவள் ஓயவில்லை. பெயர் சொல்லப்பட்டவர்கள் அவரவர் வாசலுக்கு வந்து நின்றார்கள். அண்ணாச்சியும் மாடியில் வந்து நின்றார். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் குருவி என்று சொல்லவில்லை, பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள்.

ஒரே ஒருவர் சொன்னால் போதும் என்றுதான் அதிகாரி கேட்டிருந்தார். ஊரே சொன்னது. கொம்பையா ரோட்டுக்கு ஓடிவந்து பார்த்தான், ஜீப் போய் வெகுநேரமாகியிருந்தது.